ஏ.சி. வாயுவுக்கும் காலக்கெடு: கிகாலி திருத்தம் சொல்வது என்ன?

பெங்களூரு: அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே, வீடுகள் நெருங்கி அமைந்துள்ள பகுதி ஜோகுபாளையம். இத்தகைய பகுதிகளில் ஒரு குடும்பம் வீடு மாறும்போது ஏ.சி. இயந்திரத்தைக் கழற்ற மெக்கானிக் அழைக்கப்படுகிறார். குழாயில் உள்ள வாயுவை அவர் வெளிப்புற யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துக்கொள்ளலாம். அல்லது வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடலாம். இரண்டாவது வழியில் நேரம் மிச்சம். ஆனால், பசுமை இல்ல வாயுக்களைக் குறைப்பதற்கான சர்வதேச உடன்படிக்கைகளில் மிகத் திட்டவட்டமான ஒன்று கட்டுப்படுத்த முனைவது இந்த வாயுவைத்தான்.

வீட்டு ஏ.சி. ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு இருக்கும். அது ஆர்-410ஏ வகையாக இருந்தால், 100 ஆண்டுக் கணக்கில், சுமார் 2,088 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வெப்பத்தைத் தேக்கிவைக்கும். ஏறக்குறைய 900 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு இது சமம். புதிய இயந்திரங்களில் பரவலாகியுள்ள ஆர்-32 வாயுவுக்கு இந்த மதிப்பு 675 மட்டுமே. இவை எச்.எஃப்.சி. எனப்படும் ஹைட்ரோ ஃபுளூரோ கார்பன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்தக் குடும்பம் சந்தைக்கு வந்ததே மற்றோர் உடன்படிக்கையின் விளைவாகத்தான். ஓசோன் படலத்தைக் காக்க 1987 செப்டம்பர் 16 அன்று ஏற்கப்பட்ட மாண்ட்ரீல் நெறிமுறையில் இந்தியா 1992-ல் இணைந்தது. ஓசோனை அரிக்கும் வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. அவ்வகையில் மிக அதிகம் பயன்பட்ட ஆர்-22 உள்ளிட்ட எச்.சி.எஃப்.சி. வாயுக்களைப் புதிய சாதனங்களின் தயாரிப்பில் பயன்படுத்துவதை இந்தியா 2024 இறுதியுடன் நிறுத்தியது. மாற்றாக வந்த எச்.எஃப்.சி. ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. புவியைச் சூடாக்குவதில் மட்டும் அது குறைந்ததல்ல.

1997-ன் கியோட்டோ நெறிமுறை எச்.எஃப்.சி.யைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நடைமுறையில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஆர்-22 தயாரிப்பின்போது துணைப்பொருளாக உருவாகும் எச்.எஃப்.சி.-23 வாயுவை எரித்து அழித்த இந்திய, சீன ஆலைகளுக்குக் கார்பன் வரவுகள் வழங்கப்பட்டன. அழிப்பதில் கிடைத்த வருமானமே கூடுதல் உற்பத்திக்குத் தூண்டுதலாகிவிட்டது என்ற விமர்சனம் எழ, ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் அந்த வரவுகளை ஏற்க மறுத்தது. அவ்வாயுவைச் சொந்தச் செலவிலேயே எரிக்க வேண்டும் என்று 2016 அக்டோபரில் இந்தியா தன் ஆலைகளுக்கு உத்தரவிட்டது.

அதே மாதம் 15-ம் தேதி ருவாண்டா தலைநகர் கிகாலியில் மாண்ட்ரீல் நெறிமுறைக்குத் திருத்தம் ஏற்கப்பட்டது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் அனில் மாதவ் தவே இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தார். பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்துக்கொள்கிறது. கிகாலியிலோ ஆண்டும் விழுக்காடும் எழுத்தில் உள்ளன. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், வளைகுடா நாடுகள் உள்ளிட்டவற்றுக்கு 2024 முதல் 2026 வரையிலான பயன்பாட்டுச் சராசரி அடிப்படையாகிறது. அதனுடன் எச்.சி.எஃப்.சி. அடிப்படை அளவின் 65 விழுக்காடு சேர்க்கப்படும். 2028-ல் அளவு உறையவைக்கப்படும். பின்னர் 2032-ல் 10, 2037-ல் 20, 2042-ல் 30, 2047-ல் 85 விழுக்காடு குறைப்பு. இந்தியா 2021-ல் இதற்கு ஒப்புதல் அளித்தது. சீனாவுக்கு வேறு அட்டவணை. வளர்ந்த நாடுகள் 2019-லேயே குறைக்கத் தொடங்கிவிட்டன.

இந்தியா கூடுதல் அவகாசம் கோரியதற்குக் காரணம் உண்டு. நாட்டில் ஏ.சி. உள்ள வீடுகள் சிறுபான்மையே. பலர் இனிமேல்தான் வாங்கவிருக்கிறார்கள். மின்விசிறியே தேவையில்லை என்று ஒரு காலத்தில் பெருமை பேசிய பெங்களூருவிலும் 2016 ஏப்ரல் 24 அன்று 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது.

இந்த உடன்படிக்கையில் கவனிக்கப்படாத இடைவெளி ஒன்று உள்ளது. உற்பத்தியையும் இறக்குமதி, ஏற்றுமதியையும் கணக்கிட்டே நாடுகளின் அளவு கட்டுப்படுத்தப்படுகிறது. ஏற்கெனவே சுவர்களில் தொங்கும் இயந்திரங்களுக்குள் உள்ள வாயு இக்கணக்கில் வராது. அது கசிகிறதா, மீட்கப்படுகிறதா என்பது பழுதுபார்ப்பவரின் கையில் இருக்கிறது. 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் பழுதுபார்ப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க இலக்கு வைத்தது இதனால்தான்.

மாற்று வாயுக்களும் சிக்கலின்றி வரவில்லை. புவி வெப்பமாதலில் மிகச் சிறிதே பங்களிக்கும் ஆர்-290 என்பது புரோப்பேன். சமையல் எரிவாயுவைப் போலவே எளிதில் தீப்பற்றும். ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது. குறுகிய சந்துகளில், மாடிப்படி ஓரத்தில் நின்று வேலை செய்யும் மெக்கானிக்குக் கசிவறியும் கருவியும் வாயு மீட்பு இயந்திரமும் தேவை. அவற்றை வாங்கும் செலவைச் சிறு கடைகளால் எளிதில் தாங்க முடியாது. வாடிக்கையாளரும் புதிதாக வாயு நிரப்பக் கட்டணம் தருவாரே தவிர, பழையதை மீட்கத் தனியாகப் பணம் தருவது அரிது.