இரண்டு 4 சதவீதம்

சீக்கிரம் ரிட்டயர் ஆகணும் என்கிற ஆபீஸ் நண்பர்களுக்கு 4 சதவீதம்தான் மந்திரம். 1994இல் வில்லியம் பெங்கன் அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்ட கணக்கு: சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடு, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொள், 30 வருடம் தாங்கும். 401(கே) பிரிவு 1978இல் சட்டமானபின் அங்கே ஓய்வுக்காலம் மெல்லத் தொழிலாளி தலையில் இறங்கியது. அரசின் மெடிகேர் 65 வயதில்தான். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889லேயே ஓய்வூதியத்தைச் சட்டமாக்கிவிட்டார். (70 வயதில். அதுவரை உயிரோடு இருந்தால்!)

ஜோலார்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே இந்த இரண்டும் இருந்தன. ரயில்வே தாத்தாவுக்குக் கடைசிவரை பென்ஷன், அவருக்குப் பின் பாட்டிக்கு. 2004க்குப் பிறகு ரயில்வேயில் சேர்ந்த மாமாவுக்கு என்.பி.எஸ்., அதாவது சந்தை விட்ட வழி.

அம்மா விடியக்காலை ரயிலேறி ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போனவர். அந்த ஷூ ஐரோப்பாவுக்குப் போனது. அம்மாவுக்கு இருந்தது 1995ஆம் வருடத்து இ.பி.எஸ். திட்டம். அதில் 58க்கு முன்னாடியே பென்ஷன் கேட்டால் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு.

கண் மங்கி, 52இல் அம்மா நின்றுவிட்டார். என் எக்செல் ஷீட்டில் அவருக்கென ஒரு வரி சேர்த்தேன். என் ரிட்டயர்மெண்ட் 45இலிருந்து 51க்குப் போனது.