சிங்கன் கண்ணி வைத்த குளங்கள்

திருக்குற்றாலக் குறவஞ்சி என்றதும் வசந்தவல்லியின் பந்தாட்டமும் குறத்தி சொல்லும் மலைவளமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே நூலின் பிற்பகுதியில் சிங்கன் வருகிறான். பறவை பிடிப்பது அவன் தொழில். கூட்டாளி நூவனோடு கண்ணி வைக்கக் கிளம்பி, பறவை இறங்கும் வயலையும் குளத்தையும் பெயர் சொல்லித் தேடுகிறான். பறவைகள் கூட்டமாக வருவது, சாய்ந்து இறங்குவது, மேய்வது ஒவ்வொன்றும் தனிப் பாட்டாகவே வருகிறது.

பாடியவர் தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். காலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இந்த நூலுக்காக மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் கொடுத்த நிலம் குறவஞ்சிமேடு எனப்பட்டது. மனைவி சிங்கியை நினைத்து உருகும் சிங்கனின் கதை கற்பனையாக இருக்கலாம். பறவைகளைப் பற்றிய தகவல்கள் கண்ணால் கண்டு சொன்னவை போல இருக்கின்றன.

குற்றாலப் பேரருவியாக விழும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும்வரை வழியெங்கும் குளங்களை நிரப்பிக்கொண்டே போகிறது. ஆனி, ஆடிச் சாரலில் கார் சாகுபடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி மறுகால் பாயும். அந்தத் தண்ணீரில் பிசான நெல் விளையும். நெல்லுக்காக வெட்டிய இந்தக் குளங்களுக்குத்தான் வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்து சேர்கின்றன.

மாசி, பங்குனியில் பிசானம் அறுவடையாகும்போது குளத்தில் நீர் இறங்கிவிடும். கரையோரச் சேறு வெளியே தெரியும். புழுவும் பூச்சியும் நிறைந்த அந்தச் சேறுதான் வடக்கே திரும்பும் பயணத்துக்கு முந்தைய தீனி. பல ஆயிரம் கிலோமீட்டர் பறப்பதற்கான கொழுப்பைப் பறவைகள் அங்கேதான் சேர்த்துக்கொள்கின்றன.

மடையருகே ஓடித் திரியும் மஞ்சள் வாலாட்டியை அப்போது பார்க்க வேண்டும். புரட்டாசி வாக்கில் மங்கிய பழுப்பாக வந்த குருவி அது. பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்க, தொண்டையிலிருந்து வயிறுவரை பளீரென்று மஞ்சள் ஏறியிருக்கும். கருவால் மூக்கனின் கழுத்திலும் மார்பிலும் செம்பழுப்பு படரும். ஆண் நீலச்சிறகியின் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் எடுப்பாகத் தெரியும். ஊர் திரும்பி இணை சேர்வதற்கான கோலம் இது.

இந்த வடதிசைப் பயணத்தைத் தமிழர்கள் வெகுகாலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். புறநானூற்றின் 67-ஆம் பாட்டில், குமரித் துறையில் மேய்ந்துவிட்டு வடமலைக்குப் போகும் அன்னத்திடம், கோப்பெருஞ்சோழனைக் கண்டு போகும்படி பிசிராந்தையார் சொல்கிறார். சத்திமுத்தப் புலவரும் குமரியாடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத்தான் மனைவிக்குத் தூது விடுகிறார்.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிங்கனின் தொழில் இன்று குற்றம். ஆனால் சட்டம் மட்டும் பறவைகளைக் காக்கவில்லை. தென்காசி மலைகளில் பிறக்கும் கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் ஊர் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர் மக்களே காத்து வந்தார்கள். 2005-இல் அந்த இடம் இந்தியாவின் முதல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011-இல் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பைத் தொடங்கியது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் குளங்களில் பொங்கலையொட்டித் தன்னார்வலர்கள் இருநோக்கியோடு கரையேறி, இனம் பிரித்து எண்ணுகிறார்கள். எந்தக் குளத்தில் எந்தப் பறவை என்று சிங்கன் வாய்மொழியாகச் சொன்ன விவரம் இப்போது ஆண்டுவாரியாகப் பதிவாகிறது.

மனைகளும் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் குளங்களை நெருக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பதிவு மிகவும் தேவை. தை மாதக் கணக்கு, எத்தனை பறவைகள் வந்தன என்று சொல்லும். பங்குனியிலும் அதே கரைகளில் நின்று எண்ணினால், எந்தக் குளத்துச் சேறு கடைசிவரை தீனி கொடுத்தது, தூர் வாரும்போது எந்த ஓரத்தை ஆழமாக்காமல் விட வேண்டும் என்பதும் தெரியவரும்.