சன்வேயா, கெந்திங்கா? கிள்ளான் பள்ளத்தாக்கு தீம் பார்க்குகள் யாருக்காகப் போட்டி போடுகின்றன?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கு தொடங்கும். கிள்ளானில் இருக்கும் அத்தை, "தண்ணியில ஆடுற இடமா பாருங்க, பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க" என்பார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கும் சித்தப்பா, "மலைக்குப் போவோம், குளுகுளுன்னு இருக்கும்" என்பார். கல்லூரிக்குப் போகும் அக்காவுக்கு இரண்டுமே வேண்டாம். மோனோரயில் ஏறி டைம்ஸ் ஸ்குவேர் போனால் போதும். பாட்டியை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பாட்டிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இந்த வழக்கு உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. உங்களுடைய அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் நாட்டின் பெரிய நிறுவனங்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாக மோதிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அவை எல்லாம் ஒரே ஆளைப் பிடிக்க அலையவில்லை என்பது தெரியும். யார் யாரைக் குறி வைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், உங்கள் காசு வீணாகாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஈயக் குட்டையில் பிறந்த பூங்கா

முதலில் சன்வே லகூன். 1993ஆம் ஆண்டு பண்டார் சன்வேயில் திறக்கப்பட்டது. அது இருக்கும் நிலத்தின் கதையே தனி. சிலாங்கூரில் பல இடங்களைப் போல, ஈயம் தோண்டி எடுத்து, கல்லும் உடைத்து எடுத்த பிறகு கைவிடப்பட்ட பள்ளம் அது. சன்வே குழுமத்தைத் தொடங்கிய டான் ஸ்ரீ ஜெஃப்ரி சியா 1974இல் ஒரு சிறிய ஈய நிறுவனத்தோடுதான் தொழிலுக்கு வந்தார். ஈயம் தீர்ந்ததும் மற்றவர்கள் விட்டுப் போயிருக்கக்கூடிய அந்தக் குழியில் தண்ணீரை நிரப்பி, கரையில் மணலைக் கொட்டி, செயற்கை அலை அடிக்க வைத்தார்கள். இன்றும் சன்வே பிரமிட் பேரங்காடிப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தால், பூங்கா உங்கள் காலுக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கும். மேலே 428 மீட்டர் நீளத் தொங்குபாலம் அந்தப் பள்ளத்தின் குறுக்கே போகிறது.

சன்வேயின் பலம் தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை. ஏறக்குறைய 88 ஏக்கரில் தண்ணீர்ப் பூங்காவோடு, ராட்டினங்கள், சிறு விலங்குப் பூங்கா, சாகச விளையாட்டுகள், பேய் வீடு, சின்னப் பிள்ளைகளுக்கான நிக்கலோடியன் பகுதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் ஒரு நாள் முழுவதும் கழிக்கலாம். அதனால்தான் பள்ளிச் சுற்றுலா பேருந்துகளும், கம்பெனி குடும்ப தினங்களும், பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களும் அங்கே போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சன்வே வெறும் பூங்காவை விற்கவில்லை. 1997இல் பேரங்காடி வந்தது. ஹோட்டல்கள், பல்கலைக்கழகம், மருத்துவமனை எல்லாம் அதைச் சுற்றியே எழுந்தன. நீங்கள் பூங்காவுக்குள் நுழையாமல் போனாலும் சாப்பிடவோ சினிமா பார்க்கவோ பக்கத்தில்தான் இருப்பீர்கள். டிக்கெட் எடுக்காத வாடிக்கையாளரும் அவர்களுக்கு வாடிக்கையாளர்தான்.

மேகத்துக்கு மேலே வேறொரு கணக்கு

கெந்திங்கின் கணக்கு வேறு. சிலாங்கூர் - பகாங் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் ஒரு நகரையே கட்ட முடியும் என்று 1960களில் நம்பியவர் லிம் கோ தோங். 1965இல் நிறுவனத்தைத் தொடங்கி, காட்டை வெட்டிச் சாலை போட்டார். 1969 மார்ச் 31இல் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். 1971இல் முதல் ஹோட்டல் திறந்தது. நாட்டில் சட்டப்படி உரிமம் பெற்ற ஒரே சூதாட்ட விடுதி இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

தீம் பார்க் கட்டுரையில் சூதாட்ட விடுதி எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. முஸ்லிம்களும் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் அதற்குள் நுழைய முடியாது. அப்படியானால் மலைக்கு வரும் குடும்பத்தில் பாதிப் பேருக்கு அங்கே வேலை இல்லை. பிள்ளைகளுக்கும் முஸ்லிம் வருகையாளர்களுக்கும் மலையில் ஒரு காரணம் வேண்டும். ராட்டினமும் கேபிள் காரும் அந்தக் காரணத்தைக் கொடுத்தன. கூடவே 7,351 அறைகள் கொண்ட ஃபர்ஸ்ட் வோர்ல்ட் ஹோட்டலையும் நிரப்பியாக வேண்டும். 2015இல் அறை எண்ணிக்கையில் உலகின் ஆகப் பெரிய ஹோட்டல் என்று கின்னஸில் இடம்பிடித்த ஹோட்டல் அது.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. "நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, நான் கொஞ்ச நேரத்துல வந்துடுறேன்" என்று அப்பாவோ மாமாவோ நழுவும் காட்சி பல குடும்பங்களுக்குப் பழக்கமானது. பயணச் செலவைத் திட்டமிடும்போது இதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. மலையிலிருந்து இறங்கும்போது பேசுவதைவிட ஏறும் முன் பேசுவது சுலபம்.

ஒரு பூங்கா, ஒரு வழக்கு, எட்டரை ஆண்டுகள்

இப்போது முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களுக்குக் கெந்திங் என்றால் பழைய திறந்தவெளிப் பூங்காதான் நினைவுக்கு வரும். அது 2013 செப்டம்பர் 1இல் மூடப்பட்டது. அதே இடத்தில் உலகின் முதல் டுவெண்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தீம் பார்க் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் திறக்க வேண்டியது, தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

இடையில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும் பகுதியை டிஸ்னி வாங்க முடிவு செய்தது. 2018 நவம்பரில் ஃபாக்ஸ் ஒப்பந்தத்தை முறித்தது. கெந்திங் மலேசியா உடனே கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போய், 100 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டு இரு நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. குடும்பப் பொழுதுபோக்குக்குப் பெயர் எடுத்த டிஸ்னி, சூதாட்ட விடுதி இருக்கும் இடத்தோடு தன் பெயர் சேர்வதை விரும்பவில்லை என்பது கெந்திங்கின் வாதம். தாமதத்துக்குக் கெந்திங்தான் காரணம் என்று ஃபாக்ஸ் எதிர்வழக்குப் போட்டது. 2019 ஜூலையில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஃபாக்ஸ் படங்கள் சிலவற்றின் பெயரைக் கெந்திங் பயன்படுத்தலாம். ஆனால் பூங்காவுக்கு ஃபாக்ஸ் பெயர் கிடையாது.

பிறகு கோவிட். ஒருவழியாக 2022 பிப்ரவரி 8ஆம் தேதி, கெந்திங் ஸ்கைவோர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தார்கள். 26 ஏக்கரில் ஒன்பது பகுதிகள். ஐஸ் ஏஜ், ரியோ, ரோபோட்ஸ், எபிக் என்று படங்களின் பெயரைத் தாங்கியவை பல. பழைய பூங்கா மூடியபோது ஏழு வயதில் இருந்த பிள்ளை, புதியது திறக்கும்போது பதின்ம வயது மாணவராகிவிட்டார். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை நீர்ச்சறுக்குக்கும் பேரங்காடிக்கும் பழகிவிட்டது என்பது என் கணிப்பு.

2018 டிசம்பரில் திறந்த ஸ்கைட்ரோபோலிஸ் உள்ளரங்குப் பூங்கா இதில் புத்திசாலித்தனமான ஏற்பாடு. உலகிலேயே அதிகம் இடி இடிக்கும் வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மலையிலோ மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். மின்னல் தெரிந்தால் திறந்தவெளி ராட்டினங்கள் நின்றுவிடும், அது சன்வேயாக இருந்தாலும் கெந்திங்காக இருந்தாலும். பொதுவாக மழை மாலையில்தான் பிடிக்கும் என்பதால், காலையிலேயே பெரிய ராட்டினங்களை முடித்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு அஞ்சாத மூன்றாவது ஆள்

இந்த மழைதான் பெர்ஜயா டைம்ஸ் ஸ்குவேருக்கு வாழ்வு. 2003இல் திறந்த அந்தப் பேரங்காடிக்குள்ளேயே, மாடிகளுக்கு நடுவில் ரோலர் கோஸ்டர் சுற்றுகிறது. தொடக்கத்தில் காஸ்மோஸ் வோர்ல்ட் என்று பெயர். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இதைவிடப் பக்கம் எதுவும் இல்லை: கேஎல் சென்ட்ரல் மோனோரயிலில் ஏறினால் நான்காவது நிறுத்தம் இம்பி. மாற்றுடை வேண்டாம், குளிர்சட்டை வேண்டாம், டோல் வேண்டாம். வகுப்பு முடிந்து வரும் பதின்ம வயதினருக்கான இடம் அது. பெரிய குடும்பமாக ஒரு முழு நாளைக் கழிக்கச் சற்றுச் சிறியது.

ஷா ஆலம் ஐ-சிட்டி கிள்ளானுக்குப் பக்கத்தில், கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்தில். எல்.இ.டி. விளக்கு மரங்களால் பெயர் பெற்றது. வேலை முடிந்து இரவில் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் படம் எடுத்து வர ஏற்றது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

தெற்கே இழுக்கும் கை

உள்ளூர்ப் போட்டி மட்டும் இருந்தால் பரவாயில்லை. 2010இல் சிங்கப்பூரில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் திறந்தது. அதை நடத்துவது கெந்திங் சிங்கப்பூர். அதாவது மலையில் இருப்பவர்களின் உறவுக்கார நிறுவனமே. 2012 செப்டம்பரில் ஜொகூரில் லெகோலேண்ட் வந்தது. 2 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள்தான் அதன் இலக்கு. உங்கள் பிள்ளைக்கு 14 வயதாகிவிட்டால், அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போய் அவர் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பதைத்தான் பார்ப்பீர்கள்.

வாடிக்கையாளர் யார் என்று தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈப்போ ஓர் உதாரணம். மேப்ஸ் என்ற அனிமேஷன் தீம் பார்க் சுமார் 52 கோடி ரிங்கிட் செலவில் கட்டப்பட்டு, 2017 ஜூனில் திறந்து, 2020 ஜனவரியில் மூடப்பட்டது. கோவிட் மீது பழி போட முடியாது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18இல்தான் வந்தது. அதே ஈப்போவில், சன்வே நடத்தும் லாஸ்ட் வோர்ல்ட் ஆஃப் தம்புன் வெந்நீர் ஊற்றையும் சுண்ணாம்பு மலையையும் வைத்து 2004 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. மேப்ஸ் மூடியபோது வேலை இழந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பூங்கா என்பது நமக்கு ஒரு நாள் கூத்து; சிலருக்கு மாதச் சம்பளம்.

அப்படின்னா நாங்க எங்கே போறது?

கட்டணத்தை இங்கே எழுதவில்லை. அது பருவத்துக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும். பொதுவாக மலேசியர்களுக்குச் சலுகை விலை உண்டு என்பதால் பெரியவர்கள் அனைவரும் மைகார்டு, பிள்ளைகளுக்கு மைகிட் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்திருந்தால் அவருக்கு விலை கூடும்; டிக்கெட் முகப்பில் நின்று தர்மசங்கடப்படாமல் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, உயரம். வயதைவிட உயரத்தைத்தான் ராட்டினப் பணியாளர் அளப்பார். வீட்டிலேயே பிள்ளையை அளந்து, பூங்காவின் இணையத்தளத்தில் எந்தெந்த ராட்டினத்துக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, இரண்டு சென்டிமீட்டரால் திரும்பி வரும் பிள்ளையின் அழுகையை எந்த ஐஸ்கிரீமும் நிறுத்தாது.

உடையும் ஒரு பிரச்சினைதான். தண்ணீர்ப் பூங்காக்களில் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், புடவையோடு இறங்க விடமாட்டார்கள். நீச்சல் உடைத் துணி வேண்டும். உடம்பை மறைக்க விரும்பும் பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது. அங்கே போய் வாங்கினால் விலை கூட இருக்கும். புளிச்சோறு கட்டிப் போகலாமா என்றால், பெரும்பாலான பூங்காக்கள் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. காரில் வைத்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்றால், மீண்டும் உள்ளே நுழைய அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பாட்டி. தண்ணீரில் இறங்காத, ராட்டினம் ஏறாத ஒருவருக்கு முழு நாள் டிக்கெட் எடுத்து, பை காவலுக்கு உட்கார வைப்பது காசுக்கும் கேடு, அவருக்கும் கஷ்டம். அவரும் வருகிறார் என்றால் என் ஓட்டு கெந்திங்குக்கு. அவானாவிலிருந்து ஏறும் கேபிள் கார் அவருக்கே ஓர் அனுபவம். வழியில் சின் சுவீ கோயில் நிலையத்தில் இறங்கிக் காற்று வாங்கலாம். மேலே பேரங்காடியில் உட்கார இடமும் சாப்பாடும் இருக்கும். ஒரு போர்வை மட்டும் மறக்காதீர்கள்.

மலைக்குச் சொந்தக் காரில் போகிறவர்கள் பிரேக்கைச் சோதித்துவிட்டுப் போங்கள். இறங்கும்போது குறைந்த கியரில் வாருங்கள். 2013 ஆகஸ்ட் 21இல் அந்த மலைப் பாதையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். ஓட்டுவதில் தயக்கம் இருந்தால், கேஎல் சென்ட்ரலிலிருந்தே கெந்திங்குக்குப் பேருந்து இருக்கிறது.

சன்வே என்று முடிவானால் காரே தேவையில்லை. கிள்ளான் அத்தையும் பிரிக்பீல்ட்ஸ் சித்தப்பாவும் ஒரே கேடிஎம் கம்யூட்டர் தடத்தில்தான் இருக்கிறார்கள். அத்தை கோலாலம்பூர் பக்கம் போகும் ரயிலிலும், சித்தப்பா கிள்ளான் பக்கம் போகும் ரயிலிலும் ஏறி, இருவரும் செத்தியா ஜெயாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து 2015இல் தொடங்கிய பி.ஆர்.டி. மின்சாரப் பேருந்து, சாலை நெரிசலுக்கு மேலே தனிப் பாதையில் போகும். செத்தியா ஜெயாவை விட்டால் மெந்தாரி. அதற்கு அடுத்த நிறுத்தம் சன்வே லகூன்.