ஒரு போன், 35 பிள்ளைகள், மூன்று மொழிகள்: வகுப்பறைக்கு எந்த ஆப் கைகொடுக்கும்?

காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கூலில் உங்களுக்குக் கணக்கு எடுத்த டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது: "நீ கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே இருக்கே? கிளாஸுக்கு உபயோகமா ஏதாவது ஆப் இருந்தா சொல்லுப்பா." நீங்களும் இரண்டு நிமிடம் தேடி, 'ஆசிரியர்களுக்கான டாப் 20 ஆப்கள்' என்று ஒரு லிங்க்கை அனுப்பிவிடுவீர்கள். டீச்சர் நன்றி சொல்வார். அந்த இருபதில் பாதிக்கு மேல் அவர் வகுப்பில் ஓடவே ஓடாது.

ஏன் ஓடாது, எது ஓடும் என்று பார்ப்போம். உதாரணத்துக்குக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஒரு வகுப்பறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 35 பிள்ளைகள். வீட்டில் தமிழ், ஊரில் கன்னடம், வேலைக்கு ஆங்கிலம். கையில் இருப்பது டீச்சரின் சொந்த போன் ஒன்று.

ஏன் சாம்பியன் ரீப்ஸ்?

டெக்னாலஜி இந்த ஊருக்குப் புதுசு இல்லை. காவிரியின் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் பயணித்து 1902இல் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருக்குக் கிடைத்தது அதன் பிறகு, 1905இல். வளிமண்டல நியூட்ரினோக்கள் முதன்முதலில் பதிவான உலகின் மிகச் சில இடங்களில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கமும் ஒன்று. 1965இல், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் ஜப்பான், பிரிட்டன் குழுக்களோடு சேர்ந்து அதைச் செய்தார்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதே மாதம் 17ஆம் தேதிதான் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டிருந்தது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதுதான். ஆக, இங்கே பூமிக்கடியில் வேலை முடிந்த மாதத்தில், தமிழில் இணையம் வழியாகப் படிக்க ஒரு வழி திறந்தது. அந்த வழி சாம்பியன் ரீப்ஸ் வகுப்பறைவரை வந்து சேர்ந்ததா?

பாதிதான். காரணம் மாநில எல்லை. தமிழில் தரமான டிஜிட்டல் பாடங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. கர்நாடக அரசு செய்வதில் பெரும்பகுதி கன்னடத்தில் இருக்கிறது. கர்நாடகப் பாடநூல் சங்கம் தமிழ் உட்பட ஏழு பயிற்றுமொழிகளில் புத்தகம் அச்சிடுகிறது என்பது உண்மை. ஆனால் புத்தகம் வந்த மொழியில் எல்லாம் வீடியோ வந்துவிடுவதில்லை. 2015ஆம் ஆண்டின் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருந்தாக வேண்டும். எனவே இங்குள்ள ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று எழுத்துகளைப் பழக வேண்டியிருக்கிறது. ஆப் உதவ வேண்டிய இடமும் இதுதான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தரவின்படி, 2023-24இல் நாட்டின் 53.9% பள்ளிகளில் இணையம் இருந்தது. 2024-25இல் அது 63.5% ஆனது. கம்ப்யூட்டர் உள்ள பள்ளிகள் 57.2%-லிருந்து 64.7% ஆகின.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இந்த எண்ணைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இது பள்ளியைக் கணக்கெடுக்கிறது, வகுப்பறையை அல்ல. ஹெச்.எம். அறையில் ஒரு மோடம் இருந்தாலும் 'இணையம் உண்டு' என்று டிக் விழும். மூன்றாவது மாடி வகுப்பில் சிக்னல் வருகிறதா என்று அந்தத் தரவு சொல்லாது.

அடுத்தது வீட்டு போன். ஏசர் 2024 ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் 14-16 வயதினரில் ஏறக்குறைய 90% பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது; 82% பேருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியும். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57%, சோஷியல் மீடியாவுக்காகத் தொட்டவர்கள் 76%. இது கிராமப்புறக் கணக்கு. தங்கவயல் நகராட்சிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் போக்கு தெரிகிறது: போன் வீட்டுக்குள் வந்துவிட்டது, பாடம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

ஆப் தேர்வு செய்யும் முன் நான்கு கேள்விகள்

எந்த டூலாக இருந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்:

1. பிள்ளைகளிடம் போன் இல்லாமலே இது வேலை செய்யுமா?
2. நெட் கட் ஆனால் ஓடுமா?
3. பிள்ளைக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா?
4. நடத்தும் பாடத்துக்குப் பொருந்துமா, வேறு மாநிலப் பாடமா?

நான்கில் மூன்றுக்கு 'ஆமாம்' வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்த வடிகட்டியில் தேறுபவை கீழே.

எந்த வேலைக்கு எது?

*பாடம் விளக்க.* முதல் இடம் தீக்ஷா. 2017இல் தொடங்கிய மத்திய அரசுத் தளம் இது. கர்நாடகம், தமிழ்நாடு உட்படப் பல மாநிலப் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சி வரும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் தேவையில்லை. தமிழ் விளக்கம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன. மணற்கேணி ஆப் 2023இல் வந்தது. இரண்டும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் என்பதை மறக்க வேண்டாம். ஒளிவிலகல் இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். பாட வரிசையும் கலைச்சொல்லும்தான் மாறும். அதனால் வகுப்பு எண்ணை வைத்துத் தேடாமல் தலைப்பை வைத்துத் தேடுங்கள். சமூக அறிவியலுக்கு மட்டும் இந்த வழி அவ்வளவாகச் சரிப்படாது.

*வாசிக்கப் பழக.* பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015இல் தொடங்கியது. மும்மொழி வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். ஒரே படக்கதை பல சமயம் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். திங்கட்கிழமை தமிழில் வாசித்த கதையைப் புதன்கிழமை கன்னடத்தில் வாசித்தால், கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் பிள்ளையின் கவனம் முழுக்க எழுத்தில் நிற்கும். திறந்த உரிமத்தில் வருவதால் பிடிஎஃப் ஆக இறக்கலாம், பிரின்ட் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

*அறிவியல் செய்து பார்க்க.* அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் தளத்தில் மின்சுற்று, அழுத்தம், ஈர்ப்பு விசை என்று ஏராளமான சிமுலேஷன்கள் இலவசம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது இது. எல்லாம் தமிழில் இல்லை என்றாலும் பல இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக இறக்கி நெட் இல்லாமல் ஓட்டலாம். மூன்று கிலோமீட்டர் ஆழச் சுரங்கம் இருந்த ஊரில் 'ஆழம் கூடினால் அழுத்தம் என்ன ஆகும்?' என்று ஆரம்பித்துப் பாருங்கள். தாத்தா கீழே இறங்கி வேலை பார்த்த கதையோடு ஒரு பிள்ளையாவது கையைத் தூக்கும்.

*புரிந்ததா என்று பார்க்க.* கஹூட் மாதிரி க்விஸ் ஆப்களை வகுப்பில் விளையாட, பிள்ளைகள் கையில் தனித்தனியாகவோ குழுவுக்கு ஒன்றாகவோ கருவி வேண்டும். பிளிக்கர்ஸுக்கு அது தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு பிரின்ட் செய்த அட்டை; அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறதோ அதுதான் அதன் விடை. டீச்சர் தன் போன் கேமராவை வகுப்பின் மீது ஒரு சுற்று ஓட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்புவதும் கஷ்டம். இலவசக் கணக்கில் சில வரம்புகள் உண்டு, வகுப்புத் தேர்வுக்கு அது போதும்.

*கேள்வித்தாள் அடிக்க.* பழைய பாமினி ஃபான்டில் அடித்த கேள்வித்தாள் அடுத்த கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரிவது தமிழ் ஆசிரியர்களின் நெடுநாள் தலைவலி. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற இலவச கன்வர்ட்டர்கள் கிடைக்கின்றன. ஒருமுறை உட்கார்ந்து மாற்றிவிட்டால் நிம்மதி. டைப்பிங் வராதவர்கள் போனில் கூகுளின் தமிழ்க் குரல் தட்டச்சைப் பயன்படுத்தலாம். பேசினால் எழுதிவிடும், புள்ளி, ஒற்று மட்டும் பார்த்துத் திருத்த வேண்டும்.

*நெட்டே இல்லையென்றால்.* கிவிக்ஸ் ஆப்பில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஆபீஸில் ஓரங்கட்டிய பழைய லேப்டாப் இருந்தால் அதில் கொலிப்ரி போடலாம். அந்த ஒரு மெஷின் லோக்கல் வைஃபையில் மற்ற கருவிகளுக்குப் பாடம் அனுப்பும். ஸ்டோரிவீவர், ஃபெட் உள்ளடக்கங்களும் அதன் நூலகத்தில் உண்டு.

ஏஐ-யை வகுப்பில் நம்பலாமா?

உதவியாளாக வைத்துக்கொள்ளலாம், டீச்சராக உட்கார வைக்கக் கூடாது. 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஏஐ பாடம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆகவே ஒதுங்கி நிற்கவும் முடியாது.

நன்றாகச் செய்பவை: ஒரு பத்தியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி எளிமையாக்குவது, ஒரே கணக்கை எண்களை மாற்றிப் பத்து விதமாகக் கொடுப்பது, கன்னடத்தில் வந்த சர்க்குலரின் சாரத்தைத் தமிழில் சொல்வது. கடைசி வேலைக்கு மத்திய அரசு 2022இல் தொடங்கிய பாஷினியும் இருக்கிறது.

சொதப்பும் இடம் கலைச்சொல். 'பவர்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குக் கணக்கில் அடுக்கு, இயற்பியலில் திறன், குடிமையியலில் அதிகாரம். 'செல்' உயிரியலில் உயிரணு, மின்சாரப் பாடத்தில் மின்கலம். 'ரூட்' தாவரத்தில் வேர், கணக்கில் மூலம். மொழிபெயர்ப்பு இயந்திரம் இதில் தடுமாறினால் 'இரண்டின் மூன்றாவது அதிகாரம் எட்டு' என்றுகூட ஒரு விடைத்தாளில் வரலாம். தமிழ் சரளமாக இருப்பதால் தப்பு கண்ணில் படாது. பாடநூலின் கலைச்சொல் பட்டியலை முதலில் ஏஐ-க்குக் கொடுத்துவிட்டு, 'இந்தச் சொற்களை மட்டும் பயன்படுத்து' என்று சொன்னால் பாதிப் பிழை குறையும். மீதியை டீச்சர்தான் பிடிக்க வேண்டும்.

பிள்ளைகளின் விவரம் எங்கே போகிறது?

அரசு ஆப் என்றாலே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தீக்ஷாவின் கிளவுட் சேமிப்பு ஒன்று பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்ததில் 10 லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள், சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள் வெளியே தெரிந்ததாக 2023 ஜனவரியில் வயர்டு இதழ் செய்தி வெளியிட்டது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி; கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. டீச்சர் இப்போதே செய்யக்கூடியது எளிது:

- க்விஸ் ஆப்பில் பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.
- பிள்ளையின் போட்டோ, ஆதார் எண், மருத்துவ விவரம் எதையும் ஏஐ-க்குள் போடாதீர்கள்.
- மார்க் லிஸ்ட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக அனுப்புங்கள்.

சரி, டீச்சருக்கு என்ன பதில் அனுப்புவது?

யுனெஸ்கோ 2023இல் கல்வித் தொழில்நுட்பம் பற்றி வெளியிட்ட உலக அறிக்கை தன் தலைப்பிலேயே ஒரு கேள்வி கேட்டது: இந்தக் கருவி யாருடைய நிபந்தனையில் வருகிறது? சாம்பியன் ரீப்ஸுக்கு அது நன்றாகப் பொருந்தும். 1902இல் வந்த மின்சாரம் தங்கம் எடுப்பதற்காக வந்தது. இப்போது வருவது பிள்ளைகளுக்காக வர வேண்டுமென்றால், அவர்களின் மொழியும் சிக்னலும் தெரிந்த ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். அந்த ஊரில் படித்து, இப்போது கணினி முன் உட்கார்ந்திருக்கும் உங்களால் அது முடியும்.

லிங்க்குக்குப் பதிலாக இதை அனுப்பிப் பாருங்கள்:

"டீச்சர், ஞாயித்துக்கிழமை வர்றேன். முப்பத்தஞ்சு பிளிக்கர்ஸ் அட்டை பிரின்ட் எடுத்துட்டு வர்றேன். பத்து கதை, தமிழ்லயும் கன்னடத்துலயும் உங்க போன்ல ஏத்தித் தர்றேன். அடுத்து நீங்க நடத்தப் போற அறிவியல் பாடம் எதுன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு ஒரு சிமுலேஷன் தேடி வைக்கிறேன். முதல் மாசம் இது போதும்."