பாழும் சுழியும்: பேரெண்களைத் தமிழ் எழுதிய முறை

தமிழ் எண்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் தவறாமல் முன்வைக்கப்படுகின்றன. சுழியத்தைத் தமிழரே முதலில் கண்டனர் என்பது ஒன்று. சுழியம் இல்லாததால் தமிழ் எண்முறை வளர்ச்சி குன்றியது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பார்வைப் பிழையின் விளைவுகள். இன்று நாம் எண்களை எழுதும் முறையை அளவுகோலாகக் கொண்டு, வேறொரு தருக்கத்தில் இயங்கிய முறையை அளக்கிறோம்.

1887 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட ஆண்டு அது. இதில் இரண்டு எட்டுகள் உள்ளன. வடிவத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஒன்று எண்ணூறு என்பதையும் மற்றது எண்பது என்பதையும் அவை நிற்கும் இடம்தான் சொல்கிறது. இதுவே இடமதிப்பு. பழந்தமிழ் முறையில் இதே எண் ௲௮௱௮௰௭ என்று அமையும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இடம் மௌனமாகச் சொல்வதை இங்கே குறி வாய்திறந்து சொல்லிவிடுகிறது. ஆகவே வெற்றிடத்தைக் காட்ட ஒரு குறி தேவைப்படவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கு நடந்த 1010ஆம் ஆண்டை எழுத ௲௰ என்னும் இரண்டே குறிகள் போதும். இடமதிப்பு முறைக்கோ நான்கு இலக்கங்கள் வேண்டும்; அவற்றில் இரண்டு சுழிகள்.

இம்முறையில் இடத்துக்கு வேலையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ௲௰ என்பது ஆயிரத்துப் பத்து. ௰௲ என்பது பத்தாயிரம். பெரியது முன்னும் சிறியது பின்னும் நின்றால் கூட்டல். சிறியது முன் நின்றால் பெருக்கல். இவ்வாறே ௱௲ நூறாயிரம், ௱௱௲ கோடி.

இந்த விதி எங்கிருந்து வந்தது? பேச்சுமொழியிலிருந்துதான். முந்நூறு என்றால் மூன்றை நூறால் பெருக்குகிறோம். நூற்று மூன்று என்றால் கூட்டுகிறோம். 'நூறு' என்பது 'நூற்று' என இரட்டிக்கும்போதே கூட்டல் வரவிருக்கிறது என்பது செவிக்குத் தெரிந்துவிடுகிறது. ஆயிரத்து நூறு, நாற்பத்தைந்து ஆகியவற்றில் அத்துச் சாரியையும், பதினைந்தில் இன் சாரியையும் இதே பணியைச் செய்கின்றன. பதினாயிரம் என்ற பழைய வடிவம் இதற்கு விலக்கு. சாரியை இருந்தும் அது பெருக்கல். அங்கே ஐயத்தை நீக்குவது வரிசை. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்களுக்கு அத்தனை நூற்பாக்களை ஒதுக்கியதை மாணவர்கள் வறண்ட இலக்கணம் என்று கடந்துவிடுகிறார்கள். எண்களைப் பிழையின்றிக் கேட்கவும் சொல்லவும் ஒரு மொழி செய்துகொண்ட ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டில் ஓர் இடறலும் உண்டு. தொண்ணூறு என்ற சொல்லில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. மதிப்போ ஒரு படி கீழே. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதைத் தொல்காப்பியம் புணர்ச்சி விதியால் விளக்குகிறது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பழம்பெயர் இருந்ததைப் பரிபாடல் காட்டுகிறது. இடமதிப்பு பயிலும் குழந்தை தொண்ணூற்றில் நூறைக் கேட்டுவிட்டு, ஒன்பதைப் பத்தின் இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அது தடுமாறினால் குறை குழந்தையிடம் இல்லை. நாவும் கையும் அங்கே வேறு வேறு வழி செல்கின்றன.

சொல்லைப் பின்பற்றும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. எண் பெருகப் பெருகப் புதிய பெயர்கள் தேவைப்படும். தாமரை, வெள்ளம், ஆம்பல் போன்ற பேரெண்களின் பெயர்கள் இத்தேவையிலிருந்து பிறந்தவை. இடமதிப்பில் பெயரே தெரியாத எண்ணையும் எழுதிவிடலாம்.

சுழியத்துக்கு வருவோம். பரிபாடலின் மூன்றாம் பாடலில் எண்களின் வரிசை 'பாழ்' என்பதில் தொடங்குகிறது. இதைக் கொண்டு சுழியம் நம்முடையது என்போர் உண்டு. இன்மைக்கு ஒரு பெயர் இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் இன்மைக்குப் பெயரிடுவது வேறு. வெற்றிடத்தைக் காக்க ஒரு குறியை நிறுத்துவது வேறு. குவாலியரில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270, 50 ஆகிய எண்கள் சுழியோடு பொறிக்கப்பட்டுள்ளன. அது இரண்டாம் வகை. பாழ் முதல் வகை. இவ்வேறுபாட்டை மறைத்துப் பெறும் பெருமை நமக்கு வேண்டாம்.

பழைய முறை ஏன் இத்தனை காலம் நீடித்தது? 47ஐ 36ஆல் பெருக்க ௪௰௭, ௩௰௬ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் விடை தெரியும். எழுதிக் கணக்கிட இம்முறை உதவாது. ஆனால் கணக்கு எழுத்தில் நடக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்தவனுக்குக் கணக்கு மனத்தில் நடந்தது. ஓலையில் விடை மட்டும் பதிவானது. பதிவுக்கு இம்முறை போதுமானது.

மேலும், ஒன்றுக்குக் கீழே தமிழ் வேறொரு நுட்பத்தைக் கையாண்டது. முந்திரி என்பது 1/320. அதற்கும் கீழே புதுப் பெயர்களைத் தேடாமல், 'கீழ்' என்ற ஒரே அடையைச் சேர்த்துப் பழைய வரிசையையே மீண்டும் தொடங்கினார்கள். கீழரை 1/640, கீழ் முந்திரி 1/1,02,400. ஒரே பெயர்கள் ஒரு படி இறங்கி மீண்டும் பயன்படுகின்றன. இடமதிப்பின் உயிரான எண்ணமும் இதுவே. அதைக் குறி இன்றிச் சொல்லால் செய்தார்கள்.

எழுதிக் கணக்கிடும் பழக்கம் பரவியபோது நிலை மாறியது. 1825இல் அச்சான பந்துலு இராமசாமி நாயக்கரின் 'கணித தீபிகை' தமிழ் எண்குறிகளோடு சுழியைச் சேர்த்து இடமதிப்பு முறையை விளக்கியது. கணினிக்குரிய யூனிகோடில் ௰, ௱, ௲ ஆகியவை முன்னரே இடம்பெற்றிருக்க, தமிழ்ச் சுழி 2005இல்தான் சேர்ந்தது.

இன்று அழைப்பிதழ்களில் ஆண்டை ௨௦௧௦ என்று தமிழ் எண்களில் அச்சிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடர்ச்சி, சோழர் காலத்தினுடையது அன்று. அப்பழக்கத்தோடு கல்வெட்டை அணுகுவோர் ௨௰௯ என்பதில் ௰ஐச் சுழியாகக் கொண்டு 209 என்று படித்துவிடக்கூடும். 985 முதல் 1014 வரை ஆண்ட இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு அது. பழைய நூல்களின் முகப்பையும் பாட்டெண்களையும் வாசிக்க மாணவர்களுக்கு இரண்டு முறைகளையும் கற்பிக்க வேண்டும். ஒரு வகுப்பு நேரம் போதும்.