தோளில் ஒரு துண்டு



பள்ளி விடுமுறை நெருங்கினால், எடை குறைந்த, விரைவில் உலரும் துவாலையைத் தேடிப் பலரும் கடை கடையாக அலைகின்றனர். அத்தகைய துணி நம் முன்னோரின் தோளிலேயே கிடந்தது என்பதை அறிவீர்களா?

துவாலை என்பது தமிழ்ச்சொல் அன்று. போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது; மலாய்மொழியின் 'துவாலா'வும் அதே வேரினது. துண்டோ நம் சொல். தறியிலிருந்து துண்டித்து எடுப்பதால் துண்டு, துணிப்பதால் துணி, அறுப்பதால் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் துணி வணிகரே.

இன்று குளியலறையில் தொங்கும் தடித்த துவாலை அண்மைக் காலத்தது. ஹென்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலேயர் துருக்கியில் கண்ட நெசவைப் பின்பற்றி, இயந்திரத்தில் நெய்து, 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தனர். அதன் நூற்கண்ணிகள் நீரை நிறைய உறிஞ்சும், எளிதில் விடமாட்டா. பெரிய துவாலை ஒன்று அரைக் கிலோ அளவுக்கு எடை கொண்டது. நம் ஈரிழைத் துண்டிலோ கண்ணிகள் இல்லை. பிழிந்து காற்றில் விரித்தால் விரைவில் உலர்ந்துவிடும்.

1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு வந்த ரஜூலா கப்பலின் தளப் பயணிகளுக்குத் துண்டே துவாலை, தலைப்பாகை, போர்வை, மூட்டைத்துணி எல்லாம்.

ஆனால், அத்துண்டைத் தோளில் இட அனைவருக்கும் உரிமை இருக்கவில்லை! தமிழகச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர், மேல்சாதியார் எதிர்ப்பட்டால் அதனை எடுத்துக் கக்கத்தில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டும். 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் இவ்விழிவை எதிர்த்தது. அதன் தலைவர் பெரியார் 1929இல் மலாயாவுக்கும் வந்தார். தோளில் ஏறிய துண்டு, நிமிர்ந்த முதுகின் அடையாளமாயிற்று.

இன்று விற்கும் நுண்ணிழைத் துவாலையும் விரைவில் உலர்வதே. எனினும் அது பெரும்பாலும் நெகிழி இழை. துவைக்குந்தோறும் நுண்துகள்கள் நீரில் கலக்கும். கைத்தறிப் பருத்தித் துண்டுக்கு அக்குறை இல்லை.

அடுத்த பயணத்தில் பிள்ளைகளின் பையில் ஒரு துண்டை வையுங்கள். அதன் வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள்.