சாமையா, மாடா? எலும்பு சொல்லும் பாதிக் கதை

ஜவ்வாது மலையில கீழ்ச்செப்பிலி கல்திட்டைகளைப் பார்த்தா முதல்ல வர்ற கேள்வி: இதைக் கட்டினவங்க என்ன சாப்பிட்டாங்க? இன்னைக்கு அங்க சாமை விளையுது, அதனால அன்னைக்கும் சாமைதான்னு அடிச்சு விடலாம். எலும்பையே கேக்கவும் வழி இருக்கு.

கார்பன்-12, கார்பன்-13 ரெண்டும் சிதையாத வகைகள். நெல்லும் மரத்தழையும் 13-ஐ அதிகமா ஒதுக்கும். சாமை, கேழ்வரகு, நம்ம ஊர் வெயில் புல் அவ்வளவா ஒதுக்காது. தின்னவங்க எலும்புல அந்த விகிதம் லாக் ஃபைல் மாதிரி பதியும்.

ஆனா லாக்ல எல்லாமே சமமா ஏறாது. தென்னிந்திய யானைகளின் எலும்புக் கொலாஜனை சுகுமாரும் ரமேஷும் ஆராய்ந்து 1992-ல் எழுதினாங்க. யானைங்க தின்ன அளவோட ஒப்பிட்டா, புல்லை விடத் தழையோட கார்பன்தான் எலும்புல தூக்கலா இருந்தது. தழையில புரதம் அதிகங்கிறது காரணமா இருக்கலாம், கொலாஜனே புரதம்தானே!

மனுஷங்க விஷயத்துல இன்னும் சிக்கல். சாமைச் சோறு தின்னவரும், புல் மேய்ந்த மாட்டைத் தின்னவரும் கார்பன்ல ஒரே மாதிரி தெரியலாம். நைட்ரஜன்-15 ஓரளவு பிரிச்சுக் காட்டும். மாமிசம் கூடினா அது ஏறும். ஆனா வெப்பமான மண்ணுல கொலாஜன் சீக்கிரம் அழியும். மிஞ்சுறது பல் எனாமல். அதுல இருக்கிறது அவங்க சின்ன வயசுச் சாப்பாடு மட்டும்.